நாலு எட்டு தள்ளி வைத்த போர்டு

சென்ற மாதம் போக்குவரத்துப் பிரிவின் புதிய சப்-இன்ஸ்பெக்டர் எனக்குப் போன் செய்தார். என் மகளைவிட இரண்டு வயது சின்னவர். "ஐயா, நம்ம பிரிவுக்குப் புதுசா பன்னெண்டு பேர் வந்திருக்காங்க. நோ பார்க்கிங் கேஸ் போட்டாலே பப்ளிக் சண்டைக்கு வர்றாங்க, வீடியோ எடுத்துப் போட்டுடறாங்க. நீங்கல்லாம் எப்படிச் சமாளிச்சீங்கன்னு வந்து ஒரு அரை மணி நேரம் பேசுங்கய்யா" என்றார். ஓய்வுபெற்ற போலீஸ்காரனைப் பேசக் கூப்பிட்டால் செருப்பை மாட்டுவதற்குள் படியிறங்கிவிடுவான். நானும் அப்படித்தான் போனேன்.

அரை மணி நேரம் என்றார்கள், ஒன்றரை மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீயும் பப்ஸும் கொடுத்து, ஒரு சால்வையையும் போர்த்தி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து சால்வையை மடிக்கும்போது எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. சிரிக்க வைக்கிற கதைகளை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் கேட்டிருக்க வேண்டிய ஒன்றை அப்படியே விழுங்கிவிட்டேன். அதை இங்கே எழுதுகிறேன். ஆனால் என் உத்தியோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விஷயம் விளங்கும்.

எங்கள் ஊர் குன்னத்தூர் பக்கம். காட்டு வேலை வெயிலுக்குப் பயந்துதான் போலீஸில் சேர்ந்தேன். ஒரு வருடம் கவாத்துப் பழக்கினார்கள், சில வருடம் ஆயுதப்படையில் துப்பாக்கி துடைக்க விட்டார்கள், கடைசியில் கொண்டுபோய்த் திருப்பூரில் நடுரோட்டில் நிறுத்தினார்கள். மேலே வெயில், கீழே தார். இதற்குக் கடலைக்காடே தேவலையே சாமி என்று முதல் நாளே அழுகை வந்தது. அந்த வேலையில் இருபத்து மூன்று வருடம் நின்றேன்.

திருப்பூர்க்காரர்களிடம் மரியாதைக்குக் குறைச்சலே இருக்காது. நட்டநடு ரோட்டில் வண்டியைப் போட்டுவிட்டுப் போனவர் திரும்பி வந்து, "ஏனுங்க ஏட்டய்யா, ரொம்ப நேரமா வெய்யில்ல நிக்கறீங்களாட்ட இருக்குது, எளநி சாப்புடறீங்களா?" என்று கேட்பார். ரசீதுப் புத்தகத்தை எடுத்தால்தான் முகம் மாறும். அப்போதும் 'ங்க' போகாது. "இத்தன வண்டி நிக்குதுங்க, எம்பட வண்டி மட்டுந்தான் உங்க கண்ணுல பட்டுதுங்களா?" என்பார். இந்த ஒரு கேள்வியை எத்தனை ஆயிரம் பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்து பாக்கெட்டிலிருந்து போன் வெளியே வரும். யாருக்கோ அடித்து என் காதில் வைப்பார்கள். "அண்ணன் பேசறாருங்க, ஒரு வார்த்த பேசுங்க." எந்த அண்ணன் என்று கேட்கக் கூடாது. ஒரே நாளில் பதினோரு அண்ணன்களிடம் பேசியிருக்கிறேன். ஒருவர் பதற்றத்தில் தன் மாமனாருக்கே போட்டுக் கொடுத்துவிட்டார். அந்த மனுஷன், "நல்லாப் போடுங்க சார், ஒண்ணுக்கு ரெண்டாப் போடுங்க" என்றார். புதுப் பிள்ளைகள் இந்தக் கதைக்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

ஒரு பிரிண்டிங் பட்டறை மேனேஜர் இருந்தார். பேங்க் வாசலில் தினமும் காரை நிறுத்துவார். தினமும் பைன் கட்டுவார். ஒருநாள் நான் வர நேரமாகிவிட்டது. அவரே என்னைத் தேடிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்து, "சார், இன்னைக்கு இன்னும் எழுதலீங்களா? நான் கெளம்பணுமுங்க" என்றார். "அப்ப அங்க நிறுத்தாம இருக்கலாமே" என்றேன். "பார்க்கிங்ல உட்டுட்டு அத்தன தூரம் யாருங்க நடக்கறது? உங்களுக்குக் கட்டிப்போட்டா வாசல்லயே நிறுத்திக்கலாமுங்க" என்றார். கிண்டல் பண்ணவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளிகள் இதற்கு நேர் எதிர். நான் கை காட்டுவதற்கு முன்பே நின்று, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பேப்பர்களை இரண்டு கையாலும் நீட்டுவார்கள். ஒருவர் சைக்கிளில் போனவர், இறங்கி ஆதார் கார்டைக் காட்டினார். "ஜாவ், ஜாவ்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் விரட்டினேன். அவர்களிடம் இருந்ததும் வெறும் பயம்தான். தப்புச் செய்தோம் என்ற நினைப்பு உள்ளூர்க்காரர்களிடமும் இல்லை, அவர்களிடமும் இல்லை. பைன் என்றால் கெட்ட நேரம், வழியில் ஆணி குத்தி டயர் பஞ்சர் ஆவது மாதிரி. 'இந்த ஊருக்கு மனசாட்சியே கிடையாது' என்று வீட்டில் வந்து பொரிந்து தள்ளுவேன். என் மனைவி, "சோத்தத் தின்னுட்டுப் பேசுங்க" என்பாள்.

என் உத்தியோகத்தில் நான் மதித்த அதிகாரி ஒருவர்தான். இன்ஸ்பெக்டர் தேவசகாயம். நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஒல்லி, குரலே வெளியே வராது. அவர் திட்டி நான் கேட்டதில்லை. திட்ட வேண்டிய இடத்தில் பேனா மூடியைக் கழற்றித் திரும்ப மாட்டுவார், அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டால் எழுதியதை நாங்கள் திரும்ப ஒருமுறை சரிபார்ப்போம்.

தப்பாக நிற்கிற வண்டியை அவர் பார்க்கிற விதமே தனி. உடனே எழுதச் சொல்ல மாட்டார். வண்டிப் பக்கத்தில் குனிந்து, சைலன்சர் அருகே புறங்கையைக் கொண்டுபோவார். "பானட்டத் தொட்டா வெயில் ஏமாத்திரும் வே, கீழதான் உண்மை இருக்கும்" என்பார். சூடாக இருந்தால் இப்போதுதான் நிறுத்தியிருக்கிறான், அவசரம், கூப்பிட்டுச் சொல்லி அனுப்பு. ஆறிக் கிடந்தால் ரோட்டைத் தன் வீட்டு வாசல் என்று நினைத்திருக்கிறான், கேஸ் போடு. ரசீதில் எழுதுவது நான், கையெழுத்து எஸ்.ஐ. போடுவார். ஆனால் எழுதலாமா என்பதை அந்தப் புறங்கைதான் முடிவு பண்ணும். யாருடைய வண்டி என்று ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் கடைவீதியில் யார் பைக்காவது குறுக்கே நின்றால் என் கை தானாகக் கீழே போகிறது.

அவர் இருந்த காலத்தில்தான் அது நடந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் போலீஸ் தடுப்புகளைப் பார்த்திருப்பீர்கள். மேலே 'மெதுவாகச் செல்லவும்' என்று இருக்கும், கீழே ஏதாவது ஒரு பனியன் கம்பெனியின் பெயர் இருக்கும். நாங்கள் நிற்கிற நிழற்குடை, மழைக்கோட்டு, தண்ணீர் கேன் எல்லாம் இப்படி வந்ததுதான். யாரும் கெட்ட எண்ணத்தோடு கொடுப்பதாக நினைக்க வேண்டாம். ஊருக்குச் செய்கிறோம் என்றுதான் கொடுப்பார்கள். நல்லூரில் ஒரு நிட்டிங் கம்பெனி முதலாளி எங்களுக்கு ஆறு தடுப்பும் ஒரு நிழற்குடையும் கொடுத்திருந்தார். தங்கமான மனுஷன். தீபாவளிக்கு எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம், சின்னக் குறையால் ஏற்றுமதிக்குப் போகாத செகண்ட்ஸ் டீ-சர்ட் அனுப்புவார்.

அவர் கம்பெனி ஒரு வளைவுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தத் தெருவில் முன்னால் ஒரு சின்னப் பாலம், பாலத்தைத் தாண்டினால் கம்பெனி கேட், அதைத் தாண்டினால் வளைவு. எதிரே வருகிற பஸ் கடைசி நிமிடத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் பாலத்திலிருந்து வளைவு வரை எந்த வண்டியும் நிற்கக் கூடாது என்று போட்டிருந்தோம். பாலத்தை ஒட்டி, 'இங்கிருந்து வளைவு வரை நோ பார்க்கிங்' என்று அம்புக்குறி போட்ட ஒரு போர்டு நின்றது. குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டிக்கொண்டே இருந்ததால் கம்பம் நட முடியவில்லை. பழைய லாரி டயரில் சிமென்ட் ஊற்றி அதில் போர்டை நட்டிருந்தோம். சாய்த்து உருட்டினால் ஒரு ஆளே நகர்த்திவிடலாம்.

வாரத்தில் நாலு நாள் அந்தக் கம்பெனிக்கு நூல் வண்டி வரும். மூட்டைகளை இறக்க ஒரு மணி நேரமாவது ஆகும். கேட்டுக்குள் வண்டி திரும்பாது, வெளியேதான் நிற்க வேண்டும். இரண்டு தடவை கேஸ் எழுதினேன். முதலாளி கோபப்படவில்லை. நிழற்குடைக்கு வந்து, "ஏட்டய்யா, சட்டம்னா சட்டந்தானுங்க. நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. ஆனா நூல் எறக்குலீன்னா மெசின் நின்னு போயிரும், அறுபது பேருக்கு வேலையில்லீங்க. நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்றார். நான் நின்றது அவர் போட்ட நிழலில். இன்ஸ்பெக்டரிடம் கேட்டால் முடியாது என்பார் என்று தெரியும்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் தோன்றியது. நூல் வண்டி வருகிற நேரத்தில் போர்டை உருட்டி, கேட்டைத் தாண்டி வளைவுப் பக்கம் நாலு எட்டு தள்ளி வைத்துவிடுவது. வண்டி இப்போது போர்டுக்கு இந்தப் பக்கம், ஆகவே தப்பில்லை. மூட்டை இறக்கியதும் போர்டைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்துவிடுவது. சட்டமும் உடையவில்லை, மனுஷர் மனசும் நோகவில்லை. எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. முதல் ஒரு வாரம் நானே உருட்டினேன். அப்புறம் கம்பெனி வாட்ச்மேனுக்குத் தலையை ஆட்டினால் போதும், அவர் பார்த்துக்கொள்வார். எட்டு மாதம் இப்படி நடந்தது. அடேயப்பா, எவ்வளவு சுலபமாக இருந்தது!

அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரம். நூல் வண்டி நின்றது. பாதி மூட்டை இறக்கிவிட்டு டிரைவரும் லோடுமேன்களும் சாப்பிடப் போய்விட்டார்கள். போர்டு நாலு எட்டு தள்ளி நின்றது. நான் மெயின் ரோட்டில் இருந்தேன். டமார் என்று ஒரு சத்தம், பிறகு பொம்பளைக் குரல். ஓடினேன்.

மொபெட் ஒன்று பஸ்ஸின் பக்கவாட்டில் உரசிக் கீழே கிடந்தது. ஓட்டியவள் செல்வராணி, அடுத்த தெருக் கம்பெனியில் டெய்லர். பின்னால் உட்கார்ந்திருந்தது அவள் நாத்தனார் முத்துமாரி, துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து நல்லூரில் லைன் வீட்டில் குடியிருக்கிற குடும்பம். சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நூல் வண்டியைச் சுற்றிக்கொண்டு போகும்போது வளைவிலிருந்து பஸ் வந்துவிட்டது. பஸ் தன் பக்கத்தில்தான் வந்தது, டிரைவரைக் குற்றம் சொல்ல முடியாது. செல்வராணி ஹெல்மெட் போட்டிருந்தாள், லைசென்ஸ் இருந்தது, இன்சூரன்ஸ் இருந்தது. அந்தத் தெருவில் பேப்பரெல்லாம் பக்காவாக வைத்திருக்கிற ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள். அவளுக்குச் சிராய்ப்புதான். முத்துமாரியின் வலது முழங்கை பஸ்ஸுக்கும் மொபெட்டுக்கும் நடுவில் சிக்கி நொறுங்கிவிட்டது.

ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம். பிறகு என் கை தானாக நூல் வண்டிச் சைலன்சர் அருகே போனது. ஆறிக் கிடந்தது.

வழக்கை எடுத்த எஸ்.ஐ. வந்து, அங்கேயே நின்று வரைபடம் போட்டார். ரோடு இவ்வளவு அகலம், வண்டி இங்கே, பஸ் இங்கே, மொபெட் இங்கே. போர்டைப் பார்த்தார். "ஏட்டய்யா, இந்த போர்டு இங்கதான இருக்கும்?" என்று கேட்டார். நான் "ஆமாங்க சார்" என்றேன். அதை யோசித்துச் சொல்லவில்லை. எட்டு மாதப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு திருத்துவதற்கு எவ்வளவோ நேரம் இருந்தது. திருத்தவில்லை.

தேவசகாயம் ஐயா அப்புறம் வந்தார். வரைபடத்தைப் பார்த்தார். மெதுவாக நடந்து பாலம் வரை போனார். போர்டு வழக்கமாக நிற்கிற இடத்தில் ரோட்டில் வட்டமாக ஒரு தடம் இருந்தது. சுற்றிலும் பஞ்சுத் தூசியும் மண்ணும், நடுவில் டயர் அளவுக்குச் சுத்தமான தார். அதன் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார்.  பேனா மூடியைக் கழற்றுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. "எஸ்.ஐ. எழுதியாச்சா?" என்று மட்டும் கேட்டார். "ஆச்சுங்கய்யா" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவரும் கம்பெனி முதலாளியும் சேர்ந்து அந்த நிழற்குடையைத் திறந்து வைத்த போட்டோ ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தது. அதன் பிறகு இடமாறுதலில் போகும் வரை எந்த வண்டியைப் பற்றியும் என்னிடம் சூடா, ஆறியதா என்று அவர் கேட்கவே இல்லை.

வரைபடப்படி நூல் வண்டி முறையாக நிற்கிறது. பஸ் முறையாக வருகிறது. மிச்சம் இருப்பது செல்வராணி மட்டும். எதிரே பார்க்காமல் கவனக்குறைவாக ஓட்டிப் பின்னால் இருந்தவருக்குக் கொடுங்காயம் ஏற்படுத்தியதாக அவள்மேல் வழக்கு. நான் அதில் சாட்சி.

ஒரு மாதம் கழித்து அவள் நிழற்குடைக்கு வந்தாள். கையில் கோர்ட் சம்மன். வெயிலில் நடந்து வந்திருந்தாள், மொபெட்டை அப்புறம் அவள் தொடவே இல்லையாம்.

"சார், நான் தினமும் நாலு தடவ அந்த வழியாத்தான் போயிட்டு வாரேன். போர்டு பாலத்துக்கிட்டதான நிக்கும்? அந்த வண்டி அங்க நிக்கக் கூடாதுல்லா?" என்று கேட்டாள்.

"அன்னைக்கு போர்டு கேட்டத் தாண்டித்தான் இருந்துச்சும்மா" என்றேன். பொய் இல்லை. அதுதான் இன்னும் அசிங்கம்.

"எங்க மாமியா எங்கூடப் பேசறதில்ல சார். மக கைய ஒடிச்சவன்னு அக்கம்பக்கத்துல சொல்லுதாக. முத்துமாரிக்குக் கை மடங்க மாட்டேங்கு. இனிமே மெசின்ல ஒக்கார முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வேற ஒண்ணும் வேண்டாம் சார். வண்டி தப்பா நின்னுச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தீகன்னா, வீட்டுல காட்டுவேன்."

அவள் கேட்டது இவ்வளவுதான். ஒரு பேப்பர். நான் எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? போர்டை நகர்த்தியது யார் என்று விசாரணை வரும், மெமோ வரும். இரண்டு மாதத்தில் வர இருந்த சிறப்பு எஸ்.ஐ. பதவி உயர்வு போயிருக்கும். மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. என் தலைக்குள் ஓடியது இதுதான். பயந்துவிட்டேன். முதுகெலும்பு இல்லாதவன் என்று என்னை யாராவது சொன்னால் இன்றைக்கு நான் மறுக்க மாட்டேன்.

பயந்தவன் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். நான் புத்தி சொன்னேன். "இங்க பாரு கண்ணு, கேஸ நடத்துனா வாய்தா வாய்தான்னு இழுக்கும். ஒவ்வொரு தடவையும் லீவு போடணும், வக்கீலுக்குக் குடுக்கணும். ஒத்துக்கிட்டீன்னா அன்னைக்கே முடிஞ்சுரும். செயிலெல்லாம் போட மாட்டாங்க. பைன்தான். கட்டிப்போட்டு வேலையப் பாரு" என்றேன்.

"ஒத்துக்கிட்டா நாந்தான் தப்புப் பண்ணேன்னு ஆயிரும்லா சார்?"

"அட, அதெல்லாம் ஒரு பேச்சுக்கு. யாரு பாக்கப் போறாங்க? ஊர்ல அவனவன் தெனமும் பைன் கட்டிட்டுத்தான் போறான்" என்றேன். பேங்க் வாசலில் கார் நிறுத்துகிற அந்த மேனேஜர் பேசியதற்கும் நான் பேசியதற்கும் என்ன வித்தியாசம்? அவராவது தன் காருக்காகப் பேசினார்.

கோர்ட்டில் அவள் முறை வந்தபோது நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மாஜிஸ்திரேட் குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். யாராவது ஒருத்தர் வந்து நிறுத்துவார் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை. நான் தலையை ஆட்டினேன். வாட்ச்மேனுக்கு ஆட்டுவேனே, அதே ஆட்டல்தான். "ஒத்துக்கிடுதேன்" என்றாள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பைனைக் கட்டிவிட்டு வெளியே வந்து, எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

பதவி உயர்வு வந்தது. நட்சத்திரம் குத்திக்கொண்டேன். கம்பெனி முதலாளி ஒரு டப்பா லட்டு அனுப்பினார், அதையும் தின்றேன். போர்டுக்கு நிரந்தரமாகக் கம்பம் நட வைத்தேன், நூல் வண்டியை மதியத்தில் வராமல் பண்ணினேன். முதலாளி இந்தத் தடவையும் கோபப்படவில்லை. "இத முன்னாலயே சொல்லியிருந்தா நேரத்த மாத்தியிருப்பமேங்க" என்றார்.  ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிகிற காரியத்துக்குத்தான் எட்டு மாதம் அந்த போர்டை உருட்டியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு வக்கீலிடம் பட்டும் படாமலும் விசாரித்தேன். ஒத்துக்கொண்டு முடிந்த வழக்கைக் கிளறினால் அந்தப் பெண்ணுக்கு லாபமில்லை, உங்கள் பென்ஷனுக்குத்தான் வம்பு என்றார். அதைச் சாக்காக வைத்து மூன்று வருடம் ஓட்டினேன். இந்தச் சால்வைக்குப் பிறகு ஓட்ட முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்லூருக்குப் போனேன்.

லைன் வீடு அதேதான். செல்வராணியின் மாமியார் பாக்கியத்தம்மாள் வாசலில் உட்கார்ந்து பனியனில் பிசிர் நூல் வெட்டிக்கொண்டிருந்தார். முத்துமாரி உள்ளேயிருந்து வந்தாள். வலது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தாள். நான் யாரென்று சொன்னதும் நாற்காலி போட்டார்கள், காபி வந்தது.

"செல்வராணி இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"அவ ஊருக்குப் போயி நாலு வருசமாச்சு சார். பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிட்டா. இங்க இருக்கப் பிடிக்கலையாம். எம் மவன் மாசத்துக்கு ஒருக்கா போயிட்டு வாரான்" என்றார் பாக்கியத்தம்மாள்.

நான் காபியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். போர்டு எங்கே இருக்க வேண்டும், யார் நகர்த்தினார்கள், எதற்கு நகர்த்தினார்கள், நான் என்ன சொன்னேன், என்ன சொல்லாமல் விட்டேன். "அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க. தப்பு என்னுதுங்க" என்றேன்.  முத்துமாரி நிலைப்படியில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தாள்.

பாக்கியத்தம்மாள் சிரித்தார். கோபமான சிரிப்பு இல்லை. "அவ சொல்லி வந்தீகளா, எம் மவன் சொல்லி வந்தீகளா? நல்ல மனசு சார் உங்களுக்கு. அடுத்தவ பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட யாரு வருவா? ஆனா நாங்க ஒண்ணும் வெவரம் கெட்டவுக இல்ல. ஜட்ஜய்யா கேட்டதுக்கு அவ வாயாலேயே ஒத்துக்கிட்டா. பைனும் கட்டுனா. தப்புப் பண்ணாதவ எதுக்கு சார் பைன் கட்டுதா?"

"நான்தானுங்க கட்டச் சொன்னேன்."

"நீங்க கெணத்துல குதின்னு சொன்னா குதிச்சிருவாளா? படிச்ச பிள்ள சார் அவ" என்று சொல்லிவிட்டு, அவர் திரும்பவும் கத்தரிக்கோலை எடுத்தார். முத்துமாரி இடது கையால் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பைன் கட்டியவர் என்றால் தப்புச் செய்தவர் என்று இந்த ஊர் ஒரு நாளாவது நினைக்காதா என்று இருபத்து மூன்று வருடம் ரோட்டில் நின்று ஏங்கியிருக்கிறேன். அப்படி நினைக்கிற ஒரே வீட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன்.